முன்பின் தெரியாதவர்கள் தரும் ஆறுதல்: குமரிக் கரைக்கு ஒரு திரைக்கதை

தக்கலையைச் சொந்த ஊராகக் கொண்டு சென்னையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார்: "ஒரு பெரிய துயரத்துக்குப் பிறகு, முன்பின் தெரியாத மூன்று பேர் சந்தித்து, ஒருவரால் ஒருவர் மெல்ல எழுந்து நிற்கும் கதை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் நம் குமரி மாவட்டம். வில்லன் கிடையாது, சண்டை கிடையாது. மென்மையாக இருக்க வேண்டும், ஆனால் பொய்யாக இருக்கக் கூடாது. சுனாமியை வைப்பதா, ஒக்கிப் புயலை வைப்பதா என்றே குழப்பம். எங்கிருந்து தொடங்குவது? முடிவுக் காட்சி எப்படி இருக்கலாம்?"

நான் நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நண்பர்களோடு சேர்ந்து மாதம் ஒரு படம் திரையிட்டுப் பேசுவது இருபது வருடப் பழக்கம். 2005 தொடக்கத்தில் சில மாதங்கள் சுனாமி முகாம்களில் தன்னார்வலராக இருந்தேன். உங்கள் கேள்வி இந்த இரண்டையும் தொடுவதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஏன் முன்பின் தெரியாதவர்கள்? சொந்தக்காரர்கள் ஏன் போதவில்லை? இதற்கு உங்கள் மனசில் பதில் இருந்தால்தான் கதை நிற்கும். இல்லாவிட்டால் மூன்று பேரை ஒரே அறையில் உட்காரவைத்து அழவைக்கும் நாடகமாகப் போய்விடும்.

எனக்குக் கிடைத்த பதிலைச் சொல்கிறேன். குளச்சல் பக்கம் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் முகாம். ஜனவரி முதல் வாரம். வெளியூர்களிலிருந்து அரிசியும் பாயும் பழைய துணியும் லாரி லாரியாக வந்துகொண்டிருந்த நேரம். மனைவியைப் பறிகொடுத்த பெரியவர் ஒருவர், வந்த நாளிலிருந்து வாய் திறக்கவில்லை. தம்பிமார் இருவரும் பக்கத்திலேயே இருந்தார்கள், அவர்களிடமும் பேசவில்லை. அவர்கள் வீட்டிலும் சாவு. இவர் அழுதால் அவர்கள் உடைவார்கள், அவர்கள் அழுதால் இவர் உடைவார். ஒருவருக்காக ஒருவர் கல்லாகிக் கிடந்தார்கள். அந்த முகாமில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள்.

ஒருநாள் நாமக்கல்லிலிருந்து அரிசி கொண்டுவந்த லாரி டிரைவர், மூட்டை இறக்கி முடியும்வரை பொழுது போக வேண்டுமே என்று அந்தப் பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பீடி ஒன்றைப் பற்றவைத்து, இன்னொன்றை அவரிடம் நீட்டினார். "வீட்டுல யாருங்க?" என்று கேட்டார். "பெஞ்சாதி" என்றார் பெரியவர். "அவங்க பேரு என்னங்க?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டிருக்கவில்லை. ஊர்க்காரர்களுக்குப் பெயர் தெரியும். நான் கேட்டிருந்தேன், ஆனால் கையில் படிவத்தை வைத்துக்கொண்டு ஒரு கட்டத்தை நிரப்புவதற்காகக் கேட்டிருந்தேன். பெரியவர் பெயரைச் சொன்னார். அப்புறம் முக்கால் மணி நேரம் பேசினார். எந்த ஊர்த் திருவிழாவில் பெண் பார்த்தது, குழம்பில் தேங்காய் அதிகம் அரைத்துவிடுவாள் என்று அவர் அம்மா குறைபட்டது, சிரித்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும் என்பது. லாரிக்காரருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

சொந்தக்காரர்களோடு பேசும்போது பேச்சு எப்போதும் சாவிலிருந்துதான் தொடங்கும்: அந்த ஞாயிற்றுக்கிழமை, அந்த அலை, எங்கே கண்டெடுத்தார்கள். தெரியாதவரிடம் பேசினால் அந்த அம்மாள் உயிரோடு இருந்த நாளிலிருந்து தொடங்கியாக வேண்டும். முன்பின் தெரியாத ஆளால் மட்டும் முடிகிற உதவி இது என்று அன்றிலிருந்து நம்புகிறேன். உங்கள் மூன்று பாத்திரங்களும் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டியதும் இதுதான்: போனவரை அறிமுகப்படுத்திவைப்பது. திரைக்கதையின் முதுகெலும்பாக இதை வைத்துக்கொண்டால் வில்லன் இல்லையே என்ற கவலை உங்களுக்கு வராது.

சரி, சுனாமியா, ஒக்கியா?

சுனாமியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு காலை. நம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 800 பேர். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி, அழிக்கால், பிள்ளைத்தோப்பு என்று கரை நெடுக அடி. குளச்சல், கொட்டில்பாடு பகுதியில் சாவு கூடியதற்கு ஒரு காரணம் ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாய். திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் படகுப் போக்குவரத்துக்காகக் கடலுக்கு இணையாக வெட்டிய வாய்க்கால் அது. அலையைக் கண்டு உள்ளே ஓடியவர்களுக்கு முன்னால் கால்வாய், பின்னால் கடல். மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் இடத்தில் இருந்த பாலத்தை அலை பெயர்த்து எறிந்தது. மேல மணக்குடியிலிருந்து கீழ மணக்குடிக்கு நடந்தே போய்வந்தவர்களுக்கு நடுவில் தண்ணீர் மட்டும் நின்றது. அன்றைக்கு விவேகானந்தர் பாறையில் நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டதும் ஞாபகம் இருக்கலாம். கரையில் தங்கள் வீடு என்ன ஆயிற்று என்று தெரியாத மீனவர்கள் படகு எடுத்துப் போய் அவர்களைக் கரை சேர்த்தார்கள்.

அந்தப் பாறையை வைத்தே ஒரு படம் எடுக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எடுக்கலாம்தான். ஆனால் அது பரபரப்பான படமாகத்தான் போகும். நீங்கள் கேட்கும் மென்மை அதில் கிடைக்காது. அலையைக் காட்ட ஆரம்பித்தால் பார்ப்பவர் கண்ணுக்கு அதற்குப் பிறகு வேறெதுவும் சின்னதாகவே தெரியும். அதோடு, கணினியில் செய்த அலையை இந்தக் கரைக்காரர் ஒருவர் தியேட்டரில் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும். அதை நினைத்தாலே எனக்கு மனசுக்குள் வெப்ராளம்தான், ஒரே பதைப்பு. அலை வேண்டாம். கனவிலும் வேண்டாம், பின்கதையிலும் வேண்டாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒக்கியைத்தான் எடுப்பேன். அதுவும் புயலை அல்ல, புயலுக்கு ஏழு வருடம் கழித்து வரும் ஒரு மழைக்காலத்தை.

காரணத்தைச் சொல்கிறேன். 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கி அடித்தபோது தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, பூத்துறை, நீரோடி, மார்த்தாண்டன்துறை ஊர்களின் விசைப்படகுகள் பல ஆழ்கடலில் இருந்தன. தூத்தூர் வட்டாரத்தார் நாள்கணக்கில் கடலிலேயே தங்கித் தொழில் செய்கிறவர்கள், சுறா பிடிப்பில் பேர் போனவர்கள். எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தார்கள். புயல் லட்சத்தீவு வழியாகப் போய் குஜராத் பக்கம் ஓய்ந்தது. தப்பியவர்கள் சிலர் லட்சத்தீவில் கரை ஏறினார்கள், சிலர் மகாராஷ்டிரத்தில், சிலர் குஜராத்தில். வீட்டில் இருந்தவர்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு தொலைபேசி அழைப்புக்கான காத்திருப்பு. காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். கேரளக் கரையில் உடல்கள் ஒதுங்க ஒதுங்க, அடையாளம் தெரியாததால் மரபணுச் சோதனைக்கு இரத்தம் கொடுக்க வேண்டிவந்தது. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் அப்படி நின்றவர்களில் பலர் ஒருவரையொருவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

சுனாமியில் பெரும்பாலும் உடல் கிடைத்தது. கூட்டமாக அடக்கம் செய்தாலும் மெழுகுவர்த்தி ஏற்ற ஓர் இடம் இருந்தது. ஒக்கியில் பலருக்கு அதுவும் இல்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் பூவும் திரியுமாகப் போகும்போது, போக இடமில்லாத பெண் என்ன செய்வாள்? இப்படிப்பட்ட இழப்பை ஆராய்ந்த பாலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முடிவு தெரியாத இழப்பு என்று இதைத் தனியாகப் பிரித்துப் பேசியிருக்கிறார். போரில் காணாமல் போனவர்களின் குடும்பங்களோடு வேலை செய்தபோது பிடிபட்ட விஷயம் அவருக்கு. துக்கத்தை முடித்துக்கொள் என்று இவர்களிடம் சொல்வதில் அர்த்தம் இல்லை என்பது அவர் நிலை. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா, சட்டையை யாருக்காவது கொடுப்பதா, பூசைக்கு எந்தத் தேதியைச் சொல்வது என்று ஒவ்வொன்றிலும் அந்தப் பெண் நிற்கிறாள். உங்கள் படத்தின் நிதானத்துக்கு இந்த நிற்றலே போதுமான விசை.

இப்போது ஏழு வருடக் கணக்குக்கு வருகிறேன். ஏழாண்டு தகவலே இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்பது ஒக்கி அடித்தபோது இருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு; 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தில் அது 111ஆம் பிரிவு. ஒக்கியில் அரசு அத்தனை வருடம் காத்திருக்காமல் விதியைத் தளர்த்தி, காணாமல் போனவர் குடும்பங்களுக்கும் 20 லட்ச ரூபாய் நிவாரணம் கொடுத்தது. ஆக, காகிதத்தில் அவர் சீக்கிரமே இறந்துவிட்டார். வீட்டில்? "ஏழு வருசம் ஆகட்டும்" என்று மனசுக்குள் ஒரு கெடு வைத்துக்கொண்டு இருக்கும் மனைவியை நீங்கள் தாராளமாக எழுதலாம்.

அதே புயலில் உள்நாட்டுப் பக்கம் என்ன ஆயிற்று என்று யோசியுங்கள். குலசேகரம், அருமனை, களியல், கீரிப்பாறை பக்கமெல்லாம் ரப்பரும் வாழையும் லட்சக்கணக்கில் சாய்ந்தன. பல நாள் மின்சாரம் இல்லை. ரப்பர் கன்று நட்டால் ஏறக்குறைய ஏழு வருடம் கழித்துத்தான் பால் வெட்ட முடியும். 2018இல் கன்று நட்டவனுக்கு முதல் வெட்டு எப்போது என்று கணக்குப் போடுங்கள். கடற்கரையில் ஒரு பெண் ஏழு வருடம் எண்ணுகிறாள், மலையடிவாரத்தில் ஒரு ஆண் ஏழு வருடம் எண்ணுகிறான். இருவருக்கும் ஒருவர் இருப்பதே மற்றவருக்குத் தெரியாது. இதை நான் புனையவில்லை, மண்ணும் சட்டமும் சேர்ந்து கொடுத்தது. எடுத்துக்கொள்ளுங்கள். வசனத்தில் மட்டும் யாரையும் இதைச் சொல்லவிடாதீர்கள். பார்ப்பவர் தானாகக் கண்டுபிடிக்கட்டும்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. நம் மாவட்டத்துக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த ஆனி ஆடிச் சாரலில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். வருடம் முழுக்க எல்லா வீட்டு ஆண்களும் கடலில்தானே என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் பெண்ணுக்கு அந்த இரண்டு மாதம் ஏமாற்ற வழியே இல்லை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் சீட்டுக்கட்டும் சத்தமும். அவள் வீட்டுத் திண்ணை மட்டும் காலி. மழை பெய்தால் ரப்பர் வெட்டும் தடைப்படும். வெட்டும் இடம் நனையாமல் மரத்தில் மழை மறைப்பு கட்டாத தோட்டங்களில் வெட்டுக்காரனுக்கும் கை சும்மா. இருவரும் வெளியே வரும் பருவம் ஒன்றே. உங்கள் படம் அந்த இரண்டு மாதத்தில் நடக்கட்டும்.

எங்கே சந்திப்பார்கள்? பேருந்தில். அவள் இப்போது மீன் சுமக்கிறாள் என்று வையுங்கள். அருமனைச் சந்தையில் விற்றுவிட்டு மார்த்தாண்டம் வந்து, அங்கிருந்து நித்திரவிளை வண்டி பிடிக்க வேண்டும். கையில் அலுமினியச் சருவம். பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அவன் ஒட்டுப்பால் மூட்டையோடு, அதாவது ரப்பர் மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிய பாலோடு ஏறுகிறான். ஒட்டுப்பாலின் நாற்றத்தை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், அதற்கு மீன் எவ்வளவோ மேல். அவனுக்குப் பக்கத்திலும் யாரும் உட்கார மாட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு இருக்கை. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவரைப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட செய்தி மாநிலமே பேசியது. அந்த வடு நம் பேருந்துகளில் இருக்கிறது. அதைப் பெரிய காட்சியாக்க வேண்டாம். நடத்துநர் முகத்தைச் சுளிப்பது ஒன்றே போதும்.

பேருந்து என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2000இல் வந்த 'யுரேகா' என்ற ஜப்பானியப் படம், ஷின்ஜி அவோயாமா இயக்கியது, கிடைத்தால் பாருங்கள். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும், பொறுமை வேண்டும். பேருந்துக் கடத்தல் ஒன்றில் தப்பிப் பிழைக்கும் ஓட்டுநரும், அண்ணன் தங்கை இருவரும் பிறகு ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்வதுதான் கதை. அந்தப் பிள்ளைகள் பேசுவதையே நிறுத்திவிட்டவர்கள். ஓட்டுநர் அவர்களைப் பேசவைக்க முயலவே மாட்டார். சமைப்பார், கூட இருப்பார், கடைசியில் ஒரு பேருந்தை வாங்கி அவர்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். காயம் பட்டதும் பேருந்தில், ஆறப் போவதும் பேருந்தில். படம் முழுக்கப் பழுப்பு நிறத்தில் ஓடிவிட்டு முடிவில்தான் வண்ணம் வரும். முழுக்க மென்மையான படம் என்று சொல்ல மாட்டேன், நடுவில் கொலைகள் உண்டு. ஆனால் யாரும் யாரையும் குணப்படுத்த முயலாமல் கூடவே இருப்பது எப்படி இருக்கும் என்பதை அதில் கற்றுக்கொள்ளலாம். 2021இல் வந்த 'டிரைவ் மை கார்' படத்திலும் இதே நுட்பம்: மனைவியை இழந்த நாடக இயக்குநரும் அவருக்குக் கார் ஓட்டும் இளம்பெண்ணும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்ல முடியாததைச் சாலையைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிடலாம். லாரி டிரைவரும் பெரியவரும் அன்று ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இருவரும் மூட்டை இறங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் உங்கள் பாத்திரங்களை எதிரெதிரே உட்காரவைக்காதீர்கள்.

அப்புறம், கைக்கு ஒரு வேலை கொடுங்கள். பேச்சு மட்டும் வைத்து ஒன்றரை மணி நேரம் ஓட்ட முடியாது, வாழ்க்கையிலும் யாரும் அப்படி ஆறியதில்லை. என் யோசனை ஒன்று. ஒக்கியில் அவன் நிலத்தில் பெரிய அயனி மரம் ஒன்றும் விழுந்தது. அதை அறுத்துப் பலகையாக அடுக்கிவைத்திருக்கிறான், விற்க மனசில்லாமல். அயனிதான் பழைய வள்ளங்களின் மரம். இப்போது எல்லாம் ஃபைபர் வந்துவிட்டது. மர வள்ளம் கட்டத் தெரிந்த கிழவர் ஒருவர் அவள் ஊரில் இன்னும் இருக்கிறார், வேலை இல்லாமல். இவர் மூன்றாவது ஆள். இவருடைய இழப்பு பழையது, சுனாமியில் போன பேரப்பிள்ளை. அந்தப் பேச்சு ஒரே ஒரு தடவை வந்தால் போதும். மூவருமாகச் சேர்ந்து சின்ன வள்ளம் ஒன்றுக்குப் பலகை சேர்க்கட்டும். மலையில் விழுந்த மரம் கடலுக்கு வருகிறது. ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: கடைசிக் காட்சியில் அந்த வள்ளத்தைச் சூரிய உதயத்தில் கடலில் இறக்கிவிடாதீர்கள். கன்னியாகுமரி என்றாலே உதயத்தையும் அஸ்தமனத்தையும் காட்டியாக வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எண்பதுகளிலிருந்து முட்டத்துப் பாறைகளைத் தமிழ் சினிமா எத்தனை தடவை காட்டிவிட்டது! வள்ளம் பாதியிலேயே நிற்கட்டும். பலகை போதாமல் போகட்டும். தடைக்காலம் முடிந்து எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள் என்றாவது இருக்கட்டும்.

வில்லன் இல்லாத படம் என்றால் உரசல் இல்லாத படம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிவாரணப் பணம் வந்த வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடக்கும் பங்குப் பேச்சைக் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். மகனைக் கொடுத்தவள் ஒருத்தி, கணவனைக் கொடுத்தவள் ஒருத்தி, இருவருக்கும் நியாயம் இருக்கிறது. "கடலில் போனவனுக்கு 20 லட்சம், என் மரம் போனதற்கு எனக்கு என்ன கிடைத்தது?" என்று அந்த ரப்பர்காரன் ஒரு நாள் கேட்டுவிடட்டும். கேட்டபின் அவனாலேயே தாங்க முடியாத கேள்வி அது. அவள் ஒரு வாரம் அந்தப் பேருந்தில் வராமல் இருக்கட்டும். இதைவிடப் பெரிய சண்டை உங்கள் கதைக்குத் தேவையில்லை. கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் நடுவே தலைமுறை தலைமுறையாக இருக்கும் விலகலும் அந்த ஒரு கேள்வியிலேயே வந்துவிடும்.

பேச்சுமொழியைப் பற்றிக் கொஞ்சம். தமிழ் சினிமா குமரி மாவட்டத்துக்கு ஒரே ஒரு பேச்சை வைத்திருக்கிறது, மலையாளம் கலந்த இழுவை. நீங்கள் தக்கலைக்காரர், உங்களுக்குச் சொல்ல வேண்டாம். நாஞ்சில் நாட்டுப் பேச்சு வேறு, விளவங்கோடு வேறு, தூத்தூர்க் கரை வேறு. குலசேகரத்துக்காரனுக்கு அவள் பேச்சில் பாதி முதலில் புரியாமல் இருப்பதுதான் நிஜம். அந்தப் புரியாமையே இருவரையும் மெதுவாகப் பேசவைக்கும். துக்கத்துக்கான சொற்களையும் கவனியுங்கள். "என்னால தாங்க முடியல" என்று நம் ஊரில் யாரும் வசனம் பேசுவதில்லை. "சாயா குடிச்சாச்சா?" என்பார்கள். "கெழங்கு அவிச்சிருக்கேன், தின்னுட்டுப் போ மக்கா" என்பார்கள். முகாமில் எங்களுக்கு நடந்த சிறு பயிற்சியில் முதல் பாடமே யாரிடமும் "அழாதீங்க" என்று சொல்லாதே என்பதுதான். ஊர்ப் பெண்களுக்கு அந்தப் பயிற்சி தேவைப்படவில்லை. அழுகிறவள் பக்கத்தில் உட்கார்ந்து தாங்களும் அழுதார்கள். அப்புறம் எழுந்து அடுப்பு மூட்டினார்கள்.

இசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். கரை வீடுகளில் கடல் இரைச்சல் ஓயாது. மலையடிவாரத்தில் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டப் போகிறவனைச் சுற்றி வண்டுச் சத்தமும் சருகு மிதிபடும் சத்தமும்தான். அவள் முதல் தடவை அவன் தோட்டத்துக்கு வரும்போது கடல் சத்தமும் சந்தைச் சத்தமும் இல்லாத இடத்தில் நிற்கிறாள். ஏழு வருடத்தில் ஒருவேளை முதல் தடவையாக. அந்தக் காட்சிக்கு வயலின் வைத்தால் கெட்டுப்போகும்.

எழுதி முடித்ததும் அந்த ஊர்களுக்குப் போய்ப் பெண்களிடம் வாசித்துக் காட்டுங்கள். முதல் தடவை கேமரா எடுத்துக்கொண்டு போக வேண்டாம். பங்குத் தந்தையிடம் சொல்லிவிட்டுப் போனால் அன்பியக் கூட்டத்தில், அதாவது பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் கூட்டத்தில், பேச இடம் தருவார்கள். ஏற்கெனவே நிறையப் பேர் வந்து கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார்கள், திரும்பி வரவில்லை. அந்தக் கசப்பு அவர்களுக்கு உண்டு. நீங்கள் திரும்பிப் போங்கள்.

முடிவுக் காட்சி எப்படி இருக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை. எங்கள் வீட்டில் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு சில மாதம் இங்கே பல வீடுகளில் மீன் வாங்கவில்லை. உடல்கள் கடலில் கிடக்கும்போது மீனை எப்படித் தின்பது என்ற எண்ணம். மணக்குடிப் பக்கமிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவும் டிசம்பரோடு நின்றுவிட்டார். உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாது. கேட்க எங்களுக்கு வழியும் தெரியாது. பதினைந்து வருடம் வாசலுக்கு வந்தவரின் வீடு எது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா தினமும் பதினொரு மணிக்கு வாசலை ஒரு தடவை எட்டிப் பார்ப்பார்.

மார்ச் மாதம் ஒருநாள் வந்தார். தலையில் சுமை இல்லை. "நாலு வீட்டுல தேடுவாவளேன்னு வந்தேன்" என்றார். அன்றைக்கு அம்மா முற்றத்தில் பாயை விரித்து, புது வருடப் புளியைக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த அக்கா எப்போதும் படிக்குக் கீழேதான் உட்காருவார். அன்று அம்மா பாயில் இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். வந்தவர் உட்கார்ந்ததும் கை தானாகப் புளியை எடுத்தது. இரண்டு பேரும் மத்தியானம்வரை கொட்டை எடுத்தார்கள். தங்கை மகன் போனதையும், அவன் சின்ன வயசில் புளியந்தோப்பில் கல்லெறிந்து அடி வாங்கியதையும் சொன்னார். மீன் குழம்புக்கான புளி அது, வீட்டில் மீனே இல்லாத வருடம்.

இரண்டு வாரம் கழித்துச் சருவத்தோடு வந்தார். சாளை மீன். அம்மா இருபது ரூபாய்க்கு வாங்கினார், விலை பேசவில்லை. நாங்கள் பிள்ளைகள் சாப்பிட்டோம். அப்பா அன்றும் மோர் ஊற்றித்தான் சாப்பிட்டார்.